செஞ்சியில் நான் தாக்கு விற்ற நாட்கள்

தெருவோரம் அடுப்பு மூட்டிப் பிழைக்கிறவளுக்கு ஊரில் எல்லாருமே வாத்தியார்தான். உப்பு தூக்கல் என்று ஒருவர் சொல்வார், உப்பே இல்லை என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் ஒரே சட்டியிலிருந்து வாங்கித் தின்றவர்களாக இருப்பார்கள். உங்களில் யாராவது எப்போதாவது கடை போட்டிருந்தால், அதுகூட வேண்டாம், ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருந்தால் போதும், நான் பட்ட பாடு விளங்கிவிடும். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டுக்கொண்டே படியுங்கள்.

செஞ்சியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, புளியமரத்து நிழலில் நான் இட்லி விற்றுக்கொண்டிருந்தேன். யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றுபோய் ரேஷன் வந்தது. கூப்பனுக்குப் பாதி அரிசி, மீதிக்கு மக்காச்சோளம் என்றார்கள். அந்தச் சோளம் வேகவைத்தால் வேகாது, இடித்தால் உலக்கைதான் தேயும். களியாகக் கிண்டினால் தொண்டையில் வந்து நின்றுகொண்டு மேலேயும் வராது, கீழேயும் போகாது. பாதிப் பேர் அதைக் கோழிக்குப் போட்டார்கள். கோழிகள் கொழுத்தன, ஜனங்கள் இளைத்தார்கள். அரிசி இல்லாமல் இட்லி ஏது? அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் சூசை பஸ் டிரைவர். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பஸ்ஸின் முதுகில் பெரிய கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வருகிற வாயுவில் வண்டி ஓட்டினார்கள். ஆக, என் அடுப்பு அணைந்து கிடக்க, அவர் மட்டும் ஒரு அடுப்பைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் போய்வந்துகொண்டிருந்தார். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட இருந்தது.

சுண்ணாம்பு

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாதா கோயிலுக்கு மிகேல் சாமி வந்து சேர்ந்தார். மெக்சிகோ என்கிற தேசத்துக்காரர். முப்பது வயது இருக்காது, எனக்குத் தம்பி மாதிரி. புதுச்சேரிக்கு ஏதோ காரியமாக வந்தவர், யுத்தத்தில் திரும்பிப்போகக் கப்பல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டார். அதுவரைக்கும் இங்கே இரு என்று அனுப்பிவைத்திருந்தார்கள். தமிழை யாரோ பழைய ஜெபப் புத்தகத்திலிருந்து அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தாகம் எடுத்தால் "எனக்கு நீர் தந்தருள்வாயாக" என்பார். ஒருநாள் எங்கள் தெருப் பக்கம் வந்தவர், வாசலில் முறத்தில் காய்ந்துகொண்டிருந்த மக்காச்சோளத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியது. எங்கள் வறுமையைப் பார்த்து இரங்குகிறார் என்று நினைத்து நானும் மூக்கைச் சிந்தினேன். அவரோ, "சவரியம்மாளே, இதைக் கோழிகளுக்கு இடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இது பாவமாகும்" என்றார். எனக்குத் தெரிந்த பாவங்களின் பட்டியலில் அது இல்லை.

சுண்ணாம்பு கேட்டார். வெற்றிலை போடப்போகிறார் என்று டப்பியை எடுத்துக் கொடுத்தேன். போதாது, ஒரு கொட்டாங்கச்சி நிறைய வேண்டும் என்றார். கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரில் சோளத்தைக் கொதிக்கவிட்டு, மூடி ஊறப்போடச் சொன்னார். மறுநாள் காலையில் கையால் கசக்கினால் தோல் தானாகக் கழன்றது. நன்றாகக் கழுவி ஆட்டுக்கல்லில் ஆட்டினேன். களிமண் மாதிரி மிருதுவான மாவு. வாழை இலையில் வைத்து உள்ளங்கை அகலத்துக்குத் தட்டித் தோசைக்கல்லில் போட்டேன். ரொட்டி உப்பி எழுந்தது, மழை பெய்த மண் போல ஒரு வாசனை. தக்காளியும் பச்சை மிளகாயும் சுட்டு அரைத்த துவையலை அதன் நடுவில் வைத்து, வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்து, நின்ற வாக்கிலேயே மூன்று தின்றார். அதற்குப் பெயர் தாக்கோ என்றார். அந்த வாரமே புளியமரத்தடியில் மறுபடி அடுப்பு மூட்டினேன். நான் கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாகச் சுண்ணாம்பு வாங்கின சமாசாரம் எனக்கு முன்னாலேயே கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் கிராக்கி ஒரு வண்டிக்காரர். ரொட்டியைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "சுண்ணாம்பு போட்டுக்கீற, சரி. மென்னு முடிச்சதும் துப்பணுமா, முழுங்கணுமா, அத்த மொதல்ல சொல்லிடும்மா."

பெயர்

தாக்கோ என்பது எங்கள் ஊர் வாயில் இரண்டே நாளில் தாக்கு ஆகிவிட்டது. ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரருடைய பஸ் வந்து நின்றது. கரி பஸ் நின்றால் லேசில் கிளம்பாது. கிளீனர் பின்னால் நின்று காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பைக் கிளப்ப வேண்டும். அதுவரை ஜனங்கள் இறங்கி என்னைச் சுற்றி நிற்பார்கள். அன்றைக்கு நாற்பது பேர். "இங்க ரெண்டு தாக்கு", "எனக்குக் காரமாத் தாக்கு", "அந்தப் பெரியவருக்கு மொதல்ல தாக்கு" என்று ஒரே கூச்சல். யுத்த காலம், போலீஸ்காரர்களுக்கு இலை அசைந்தால்கூடச் சந்தேகம். புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு, தடியைச் சுழற்றிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார்.

என் கையில் தோசைத்திருப்பி இருந்தது. அதைத்தான் முதலில் பிடுங்கினார். "யார் யாரைத் தாக்கறது?" என்று கேட்டார். நான் தட்டைக் காட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் விசாரணைக்காக ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, மீசையில் துவையல் ஒட்டிக்கொண்டது. தடியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். என் பெயரைத்தான் எழுதப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எதையும் எழுதாமல் புத்தகத்தை மூடி, தோசைத்திருப்பியை என்னிடம் திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: "ஒரு சாட்சி பத்தாது. இன்னொன்னு குடு, காரம் தூக்கலா."

மிளகாய் யாருடையது

மிகேல் சாமி சாயங்காலங்களில் கடைக்கு வந்து நிற்பார். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். ஒருநாள் துவையலைத் தொட்டு நக்கிவிட்டு, மக்காச்சோளம், தக்காளி, மிளகாய் மூன்றுமே தம்முடைய தேசத்திலிருந்துதான் கப்பலேறி இங்கே வந்தன என்று சொன்னார். சோளம் வந்திருக்கும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தக்காளியைக்கூட விட்டுக்கொடுத்தார்கள். மிளகாய் என்றதும் கூட்டத்தில் சலசலப்பு. தளவானூரிலிருந்து மிளகாய் மூட்டையோடு சந்தைக்கு வந்திருந்த ஒரு குடியானவர் தின்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. ஏதோ பங்காளி வழக்கைப் பேசித் தீர்க்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "எங்க பாட்டன் காலத்துலேந்து எங்க கொல்லையில மொளகா காய்க்குது சாமி. உங்க ஊர்க்காரங்க எப்ப வந்து வெத எடுத்துட்டுப் போனாங்க, அத்தச் சொல்லுங்க."

தலைக்கறி

வெறும் துவையலில் எத்தனை நாள் ஓட்டுவது? சாமியிடம் கேட்டேன். தம்முடைய ஊர்த் தெருவில் வெறுமனே 'தாக்கோ' என்று கேட்டால் சிரிப்பார்கள் என்றார். எந்தத் தாக்கோ என்று சொல்ல வேண்டுமாம். தலைக்கறி ஒன்று, நாக்கு ஒன்று, குடல் ஒன்று, மூளை ஒன்று, பன்றியை அதன் கொழுப்பிலேயே பொரித்தது ஒன்று, கடலோரமானால் மீன் வைத்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடை, தனிக் கூட்டம். அதுதான் சரி என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களுக்குப் பன்றிக்கறியும், சந்தை நாளில் ஆட்டுத் தலைக்கறியும் வைத்தேன். கறி வகைக்கு ஒரு கல், சைவ வகைக்கு ஒரு கல், நடுவில் நான்.

எங்கள் ஊரில் ஒரு வாத்தியார் இருந்தார். மைதானத்தில் மேடை போட்டு ஜீவகாருண்யத்தைப் பற்றிப் பேசுவார். அவர் பேச்சைக் கேட்டுவிட்டுக் கறி தின்பதை விட்டவர்கள் உண்டு. அவர் சந்தை நாளில் மரத்துக்குப் பின்புறமாக வந்து, "சவரியம்மா, இன்னிக்கி பாடம் இருக்குதா?" என்பார். பாடம் என்றால் தலைக்கறி. இலையில் சுற்றித் தருவேன். மரத்தைப் பார்த்துக்கொண்டே தின்றுவிட்டுப் போய்விடுவார். அவர் சம்சாரம் முக்காடு போட்டுக்கொண்டு முன்புறமாக வருவார். "அம்மா, மருந்து இருக்குதா?" என்பார். மருந்து என்றாலும் தலைக்கறிதான். இரண்டு பேருக்கும் ஒருவர் சங்கதி மற்றவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் இரண்டு கிராக்கி போகும், ஆகையால் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சந்தை நாளில் மழை பிடித்துக்கொண்டது. பின்னால் நின்றவர் நனையாமல் இருக்க முன்னால் வந்தார், முன்னால் நின்றவர் பின்னால் போனார். மரத்தின் பக்கவாட்டில், ஆளுக்கொரு இலையோடு, முகத்துக்கு முகம் சந்தித்துக்கொண்டார்கள். நான் அடுப்பை ஊதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். வாத்தியார் இலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், ஆனால் உதட்டில் மசாலா இருந்தது. அந்த அம்மாள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு என் பக்கம் திரும்பி, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "அவருக்கு இன்னும் ஒன்னு வெச்சிக் குடும்மா. வூட்ல நான் ரசம்தான் வெச்சிருக்கேன்."

புதையல்

செஞ்சிக்காரர்களுக்குப் புதையல் என்றால் காது நீளும். கோட்டை நிற்கிற மூன்று மலையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள், ராஜா போகிறபோது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டா போயிருப்பான் என்று ஒரு நினைப்பு. இது தெரியாமல் மிகேல் சாமி ஒரு காரியம் செய்தார். அவர் ஊரில் குழி வெட்டி, நெருப்பைக் கொட்டி, ஆட்டை ஆனைக்கற்றாழை மடலில் சுற்றிப் புதைத்து மண்ணை மூடிவிடுவார்களாம். மறுநாள் காலை எடுத்தால் எலும்பு தனி, கறி தனி. திருவிழாவுக்கு அப்படி ஒன்று வைக்கலாம் என்று ஆசைப்பட்டார். கோயிலுக்குப் பின்னால் நானும் அவரும் சாயங்காலம் குழி வெட்டி ஆட்டைப் புதைத்தோம். யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று சாமி மண்ணின் மேல் ஒரு சிலுவையை நட்டுவைத்தார்.

காலையில் மணியக்காரர், தலையாரி, கடப்பாரையோடு நாலு பேர் வந்து நின்றார்கள். வெள்ளைக்காரச் சாமியார் கோட்டைப் பக்கம் எதையோ எடுத்துவந்து புதைத்துவிட்டார், மேலே மந்திரக் கட்டு வேறு போட்டிருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாமி தடுக்கப் பார்த்தார். "இன்னும் சமயம் ஆகவில்லை, இப்பொழுது திறந்தால் கெட்டுப்போகும்" என்றார். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. தலையாரி தோண்டினார். மண்ணுக்குள்ளிருந்து புகை வந்ததும் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மணியக்காரர் மட்டும் ஓடவில்லை, பொறுப்பான மனுஷர். மடலை விலக்கினார்கள். ஆவியோடு ஒரு வாசனை எழும்பிற்று பாருங்கள், ஓடிப்போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். மணியக்காரர் குனிந்து நன்றாகப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பூமிக்குக் கீழ எது கெடச்சாலும் சர்க்காருக்குச் சேரணும். பின்னங்கால் ரெண்டையும் இந்தப் பக்கம் எடுத்து வைங்க."

கூடை

மேல்மலையனூர் அமாவாசைக்கு ஜனங்கள் கடல் மாதிரி கூடுவார்கள். அங்கே அடுப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்கும் சாமி ஒரு வகை சொன்னார், கூடைத் தாக்கு. மொச்சை மசியலும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து, சூட்டோடு சூடாகக் கூடையில் அடுக்கித் துணியால் இறுக்கி மூடிவிட வேண்டும். அதன் ஆவியிலேயே ஊறி, வாயில் போட்டால் கரையும். பெரிய கூடை ஒன்றை நிரப்பிக்கொண்டு மத்தியானம் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர்.

பஸ் செஞ்சியைத் தாண்டியதும் கூடையின் வாசனை வண்டிக்குள் பரவிவிட்டது. ஏரிக்கரை ஒன்று வந்ததும் வண்டி முக்கி முனகி நின்றது. "கரி கிளறணும், எல்லாரும் எறங்குங்க" என்றார் இவர். இறங்கினவர்கள் சும்மா நிற்பார்களா? கூடையைச் சுற்றிக்கொண்டார்கள். வண்டி கிளம்பி, அடுத்த ஊர் எல்லையில் மறுபடி நின்றது. மறுபடி கூடை. இப்படி நாலு தடவை. நாலாவது தடவை துணிக்கு அடியில் வாழை இலைதான் மிச்சம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் வீட்டுக்காரர் முதல் ஆளாகக் கை நீட்டினதையும், கரியைக் கிளற வேண்டிய கிளீனர் கன்னம் உப்ப மென்றுகொண்டு நின்றதையும் நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் ஜனங்களுக்கு முன்னால் புருஷனை என்னவென்று கேட்பது? வந்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு, அத்தனை பெரிய கூட்டத்துக்கு வெறுங்கூடையோடு போகிறோமே என்று உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு வண்டி மேட்டில்கூட நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடியது. முன் சீட்டில் இருந்த ஒரு கிழவர், ஏப்பம் விட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கேட்டார்: "இன்னா டிரைவரே, கூடை காலியானதும் வண்டி சிட்டா பறக்குது. வண்டிக்குத்தான் பசியா இருந்துதா?"

கள்ளி

தொண்டூர்ப் பக்கத்து நயினார் ஒருவர். சமண சமயத்துப் பெரியவர், ரொம்ப ஆசாரம். ஒருநாள் பஸ் ரிப்பேராகிச் செஞ்சியிலேயே மாட்டிக்கொண்டார். சூரியன் மறைந்துவிட்டால் அவர்கள் வாயில் எதையும் வைக்கமாட்டார்கள். சூரியனோ மலை உச்சிக்கு வந்துவிட்டது. தயங்கித் தயங்கி வந்து, தூரமாக நின்று கேள்வி கேட்டார். வெங்காயம்? ஆகாது. பூண்டு? ஆகாது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் விளைகிறது, அதுவும் ஆகாது. கறி தொட்ட கல்? அந்தப் பக்கமே திரும்பமாட்டேன் என்றார். "சுண்ணாம்பு கல் சுண்ணாம்பா, கிளிஞ்சல் சுண்ணாம்பா?" என்று அவர் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. கிளிஞ்சலுக்குள் உயிர் இருந்திருக்கும் அல்லவா, அதற்காக. நல்ல வேளை, கல் சுண்ணாம்பு.

காலையில் எங்கள் கோட்டை மலை மூன்றில் ஒன்றான கிருஷ்ணகிரியின் சரிவில் சப்பாத்திக்கள்ளி மடல் அறுத்துவந்திருந்தேன். முள்ளைச் சீவி, நீளமாக நறுக்கி வதக்கினால் வெண்டைக்காய் மாதிரி இருக்கும். அதுவும் சாமி சொன்ன வகைதான். நயினார் மடலைத் தூக்கிப் பார்த்து, பூச்சி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். குயவர் கடையிலிருந்து புதுச் சட்டி வந்தது. தனியாக மூன்று கல் வைத்து, என்னை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து தாமே சுட ஆரம்பித்தார். கை அவருக்கு அப்படி வளைந்தது. தட்டினால் முழுநிலா மாதிரி ரொட்டி. சூரியனை ஒரு கண்ணும் சட்டியை ஒரு கண்ணுமாகப் பார்த்துக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார், சூரியனும் இறங்கியது. அதற்குள் திருவண்ணாமலை பஸ்ஸிலிருந்து இறங்கி, அவர் சுடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர், பக்கத்தில் சும்மா நின்ற என்னை வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டு, நேரே நயினாரிடம் போய்க் கேட்டார்: "பெரியவரே, எல்லா நாளும் அந்தம்மா சுடறது தடிமனா இருக்கும். நீங்க சுட்டது மெல்லிசா வருது. நாளைக்கும் கடையில இருப்பீங்களா?"

பட்டியலில் இல்லாதது

எதிர்ப்புறத்தில் ஒரு காபி கிளப் இருந்தது. அதன் முதலாளி என் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தூக்கத்தை இழந்தவர். ஒருநாள் பெட்டிஷன் போட்டுவிட்டார், நான் சர்க்கார் தானியத்தில் பெயர் தெரியாத அன்னிய தேசத்துப் பண்டம் செய்து விற்கிறேன் என்று. ரேஷன் இன்ஸ்பெக்டர் குடையும் பையுமாக வந்து இறங்கினார். கடையை மூடச் சொன்னால் மறுபடி வீட்டில் போய் உட்கார வேண்டும். கார்டைப் பிடுங்கினால் வீட்டில் அடுப்பே எரியாது. கிளப்காரர் தம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். ஓட்டலில் விற்கிற பண்டங்கள் எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. "இது தோசையா?" என்றார். உளுந்து இல்லை என்றேன். "அடையா?" பருப்பு இல்லை. "சப்பாத்தியா?" கோதுமை இல்லை. "அப்ப இன்னாதான் இது?" தாக்கு என்றேன். பட்டியலை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே இரண்டு தடவை தேடினார். தாக்கு இல்லை. ரிப்போர்ட் எழுதணும், வகையைச் சொல்லு என்றார். சொன்னேன். சொன்னால் போதுமா, ருசி எழுத வேண்டாமா? முதலில் துவையல். பிறகு மொச்சை. பிறகு கள்ளி. அன்று சந்தை நாள், தலைக்கறியும் குடலும் இருந்தன. ஒவ்வொன்றையும் தின்றுவிட்டுக் கண்ணை மூடி யோசித்து ஒரு வரி எழுதினார். நாலாவதில் குடையைக் கீழே வைத்தார். ஐந்தாவதில் இடுப்பு வாரைத் தளர்த்தினார். பிறகு, முதலாவது என்ன ருசி என்று மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி ஆரம்பித்தார். பொறுமை இழந்த கிளப்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "என்ன சார், பறிமுதல்தானே?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் கை துடைத்துக்கொண்டு, பட்டியலை ஒழுங்காக மடித்தார். "பட்டியல்ல இல்லாத பண்டத்த நான் எப்படிப் பறிமுதல் பண்றது? உங்க கடையில இட்லி இருக்குதில்ல, அது பட்டியல்ல இருக்குது. வாங்க, அத்தப் பாக்கலாம்."

கப்பல்

யுத்தம் முடிந்தது. சாமிக்குக் கப்பல் கிடைத்துவிட்டது என்று தபால் வந்தது. அதற்குள் அவர் தினமும் என் கடையில் நின்று நின்று, ஜெபப் புத்தகத் தமிழை மறந்து செஞ்சித் தமிழே பேச ஆரம்பித்திருந்தார். பிரசங்கத்தில் ஒருதரம் "இன்னாத்துக்கு இப்படிப் பாவம் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு, தாமே திகைத்துப்போய் நின்றார். புறப்படுகிற நாளில் எனக்குத் தெரிந்த அத்தனை வகையும் செய்து அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். அவர் ஊர்த் தாக்கைப் பார்த்தறியாமலே, அவர் சொன்னதை மட்டும் நம்பி இத்தனை நாள் சுட்டவள் நான். நிஜத்துக்கு எத்தனை தூரத்தில் இருக்கிறேன் என்று ஒரு தரமாவது கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. பயமாகவும் இருந்தது.

அவர் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். கடைசியில் நான் கேட்டேவிட்டேன், "உங்க அம்மா சுடறது மாதிரி இருக்குதா சாமி?" பொய் சொல்லத் தெரியாத மனுஷர். கையிலிருந்த துண்டை விரித்துப் பார்த்தார். தாளித்த மொச்சையின் மேல் ஒட்டியிருந்த ஒரு கருவேப்பிலையை எடுத்துக் கொஞ்ச நேரம் விரலில் வைத்துக்கொண்டிருந்தார். எதிரே என் வீட்டுக்காரர் பஸ்ஸின் ஹாரனை அமுக்கினார். சாமி கருவேப்பிலையை வாயில் போட்டு மென்றபடி எழுந்தார். "எங்கம்மா சுடறது வேற மாதிரி சவரிம்மா. ஆனா இன்னா பண்றது, அங்க போயி இந்தத் தழைக்கு நான் எங்க போவேன்?"

தெருவில் அடுப்பு வைத்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: வாய் நிறைய வைத்துக்கொண்டிருக்கிற வரைக்கும் மனுஷன் உண்மையாகத்தான் இருக்கிறான், விழுங்கின பிறகுதான் பேச ஆரம்பித்துவிடுகிறான்.